படம், படம், படம்

இரவெல்லாம் மழை. கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை.
காலை ஆறு இருபதுக்கு விடுமுறை அறிவிப்பை
தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்தோடு
ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றினேன்.
முத்திரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

எட்டேகாலுக்குப் போன்.
"ஆறாம் வகுப்பு பி பிரிவு, சஜிதா பானுவோட அம்மா.
பிள்ளை பூட்டின கேட்டுக்கு முன்னால
நனைஞ்சுகிட்டு நிக்கிறா சார்."
வெப்சைட்டில் போட்டிருக்கோமே அம்மா, என்றேன்.
பார்க்கலையா, என்றும் கேட்டுவிட்டேன்.
"விடியக்காலமே நாலு தடவை கேட்டேன்.
உங்க பள்ளிக்கூடம் என் போன்ல
படம், படம், படம்னுதான் சொல்லுது."

மெஹராஜ் பேகம். மின்வாரிய அலுவலகத்தில்
புகார் தொலைபேசி எடுப்பவர்.
புயல் நாட்களில் திருத்துறைப்பூண்டிக்கே
எந்தத் தெருவுக்கு எப்போது வெளிச்சம் வரும் என்று
சொல்கிற குரல்.
அந்தக் குரலோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்,
கண் தெரியாதவர் என்று தெரியாமல்.

அன்று மாலை கணினி அறையில்
திரையை அணைத்துவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டேன்,
நான் கட்டிய தளத்தை.
இணைப்பு. இணைப்பு. இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும்.
எங்கே?
சிவப்பில் உள்ளவை கட்டாயம் என்றது.
பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கை
கண்ணுக்குத் தமிழாக இருந்தது,
காதுக்கு ஆங்கில எழுத்துகளின் சரளைக்கல்.
பதினோரு நிமிடத்தில் கழற்றி வைத்தேன்.
அவருக்குக் கழற்றி வைக்க வேறு வழியில்லை.

"ஒருத்தருக்காகவாய்யா இவ்வளவும்?"
என்றார் தலைமையாசிரியர்.
அவருக்கு எடையூர்ப் பக்கம் கடைமடையில் நாலு மா.
மேட்டூரில் திறந்தாச்சுங்கிறது பேப்பர்ல வர்ற சேதி,
நம்ம மடைக்கு வந்தாத்தான் தண்ணின்னு
நீங்கதானே சார் போன ஆடியில
பொதுப்பணித்துறைல சத்தம் போட்டீங்க, என்றேன்.
கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.
"சனிக்கிழமை சாவியை வச்சுக்க.
ஃபேன் ஒண்ணு போதும்."

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னப் பெட்டி கேட்கிறது:
மாற்று உரை.
முதல் நாள் சோம்பேறித்தனமாக எழுதினேன்:
ஆண்டு விழா. ஆண்டு விழா. ஆண்டு விழா இரண்டு.
பிறகு அந்த அம்மாவிடம் போனில் சொல்வதுபோல்
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
சிறப்பு விருந்தினர் பரிசு கொடுக்கிறார்.
பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.
வாங்குகிற பையன் கேமராவைப் பார்க்கவில்லை,
டிபன் பாக்ஸைப் பார்க்கிறான்.
மேடைக்கு மூன்று படி.
படிக்குக் கீழே, படத்தின் ஓரத்தில்,
பாதிச் சக்கரம்.

பாதிச் சக்கரமா?

பெரிதாக்கினேன். அசல் கோப்பைத் தேடி எடுத்தேன்.
தேவதர்ஷினி. கட்டுரைப் போட்டியில் முதலிடம்.
எல்லோரும் இறங்கிய பிறகு
யாரோ கீழே கொண்டுவந்து மடியில் வைத்த பரிசு.
சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று
அந்தப் படத்தை வெட்டியவன் நான்.
இப்போது முழுதாக ஏற்றியிருக்கிறேன்.
அதன் உரையில் மூன்று படிகளையும் எழுதியிருக்கிறேன்.
தளத்தைத் திருத்த எனக்குச் சனிக்கிழமைகள் போதும்.
படிகளுக்குக் கொத்தனார் வேண்டும்.
மனு கொடுத்திருக்கிறோம்.

மார்கழியில் மறுபடியும் மழை.
இந்த முறை எழுத்தாகவே அடித்தேன்:
இன்று பள்ளிக்கு விடுமுறை.
முத்திரை இல்லை, பச்சை மை இல்லை.
ஆறரைக்குள் போன்.
"கேட்டுச்சு சார். பிள்ளை தூங்குறா."
சும்மா இருந்தேன், நன்றி வரும் என்று.
"ஆனா கட்டணம் கட்டுற பக்கத்துல ஒரு பட்டன்
வெறும் பட்டன்னுதான் சொல்லுது.
அமுக்குனா என்ன ஆகும்னு தெரியாம
மூணு நாளா அமுக்காம வச்சிருக்கேன்."

பழைய வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில்
குறித்துக்கொண்டேன்:
பெயர் இல்லாத பட்டன், ஒன்று.
அதற்குள் மின்சாரம் போய்விட்டது.
எப்போது வரும் என்று
அவரிடமே கேட்டேன்.